சத்தம் போடாத காற்றாடி

ஜூன் 9, திங்கள்

வெயில். விடிந்ததிலிருந்து கெமிக்கல் வாடை. ஜன்னலைத் திறந்தால் தொண்டை எரியுது, மூடினால் உடம்பு அவியுது. பாசிர் கூடாங் தொழிற்பேட்டைப் பக்கம் வீடு எடுத்தால் இதுதான்.

வீட்டுக்காரர் மோகனுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் தொழிற்சாலை பஸ் இறக்கிவிட்டது. ரோட்டி சானாய் இரண்டு, கோப்பி, குளியல், படுக்கை. ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்தேன், மடச்சி.

என் வேலை:
ஷர்மிளா கல்யாணம், முழு வீடியோ. (வெள்ளிக்குள்.)
ரெங்கம் காதுகுத்து. குழந்தை அழுகிற இடத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அழாத இடமே இல்லை.
கேஸ் சிலிண்டர் சொல்ல வேண்டும்.

ஸ்டுடியோ ஜெயந்தி அக்கா போனில், "ஸ்கூல் லீவு கல்யாணம் எல்லாம் உன் தலையிலதாண்டி, மாதவி. பாத்து செய்." படம் பிடிப்பது அவர், வெட்டி ஒட்டுவது நான்.

பிரச்சினை இதுதான். வெட்டி ஒட்டியதை ஒரே வீடியோவாக எடுக்க ரெண்டர் போடவேண்டும். ரெண்டர் போட்டால் கம்ப்யூட்டரின் பிராசஸர் கொதிக்கும். அதன் தலையில் ஒரு சின்னக் காற்றாடி, பிராசஸரோடு இலவசமாக வந்தது, என் உள்ளங்கை அளவுகூட இல்லை. கொதிப்பு ஏற ஏற அது தலைதெறிக்கச் சுற்றும். நிறுத்திவைத்த மோட்டார்சைக்கிளை முறுக்குகிற மாதிரி ஒரு சத்தம். அவன் தூங்கும் அறைக்கும் மெஷின் இருக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு ஒட்டுப்பலகைச் சுவர்தான்.

இந்தப் பிளாட்டில் நைட் ஷிப்ட் ஆட்கள் தூங்கும்போது எந்த வீட்டிலும் குக்கர் விசில் கேட்காது. விசில் வருவதற்கு முன்னால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். பருப்பு பாதி வெந்தாலும் சரி. பிள்ளைகளைக்கூட வாயைப் பொத்தித்தான் அடிப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த சட்டம். நான்தான் மீறுகிறேன்.

பதினொன்றுக்கு மேல் மோகன் அறைக்கதவை உதைத்துக்கொண்டு வந்தான். பின்தலையைப் பிடித்து மேசையில் மோதினான். இரண்டு தரம். கீபோர்டில் மூக்கு.

"எத்தன தடவடி சொல்றது? மனுசன் தூங்கணுமா வேணாமா?"

நானும் சும்மா வாங்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை. கையைக் கடித்தேன், கட்டைவிரலுக்குக் கீழே, சதையில். அதற்கு ஒன்று கிடைத்தது. உதடு கிழிந்தது. அப்புறம் போய்த் தூங்கிவிட்டான். குறட்டை. கொன்றுவிடலாம் போல இருந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

உடைந்தவை: கீபோர்டில் மூன்று பொத்தான். கண்ணாடிக் குவளை. அறைக்கதவின் கீல். உதடு.

சாயந்தரம் ரெங்கத்திலிருந்து அம்மா போன். என் குரல் வித்தியாசமாக இருந்திருக்கும், தானாகவே புரிந்துகொண்டார். "நைட் ஷிப்ட் ஆம்பளைக்கு தூக்கம் கெட்டா கோவம் வரத்தான் செய்யும்மா. நீதான் சத்தம் வராம பாத்துக்கணும்."

சரி. பார்த்துக்கொள்கிறேன். இவனை மாற்ற முடியாது, காற்றாடியை மாற்ற முடியும்.

ஜூன் 10, செவ்வாய்

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. மோ. தூங்கியதும் முகக்கவசம் போட்டுக்கொண்டு மாசாய் டவுனுக்குப் போனேன். முகக்கவசம் உதட்டுக்காக.

குணா அண்ணன் கடை. கம்ப்யூட்டர் சாமான் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "சத்தமே வரக்கூடாது அண்ணே" என்றேன். முகம் மலர்ந்துபோச்சு. கூலர் ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். தொப்பென்று. பிள்ளைத்தாச்சி வயிறுபோல் ஒரு சாமான்.

அவர் சொன்னதில் நினைவிருப்பது:

அடியில் செம்புத் தட்டு, மேலே நிக்கல் பூச்சு. பிராசஸர்மேல் உட்காருவது அதுதான். தட்டிலிருந்து ஆறு குழாய். ஒவ்வொன்றுக்குள்ளும் துளி தண்ணீர். சூடு பட்டால் ஆவியாகி மேலே ஓடும், ஆறினால் திரும்பி இறங்கும். மோட்டார் கிடையாது, தானாக நடக்கும். குழாய்களைக் குத்திக்கொண்டு அலுமினியத் தகடுகள் அடுக்கடுக்காக, இரண்டு கோபுரம். நடுவில் ஒரு காற்றாடி, முன்னால் ஒரு காற்றாடி. இரண்டும் சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவு.

"ஏன் பெருசுன்னு கேளு."

"ஏண்ணே?"

"சின்ன காத்தாடி வேகமா சுத்துனாதான் காத்து வரும். வேகமா சுத்துனா கத்தும். பெருசு மெதுவா சுத்துனாலே போதும். மூலைக்கு மூலை ரப்பர் வேற வச்சிருக்கான், அதிர்வு பெட்டிக்கு போவாது. நம்ம வீட்டுலகூட அப்படித்தான லா, பெரியவங்க சத்தம் போடமாட்டாங்க."

எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று வாய்வரை வந்தது.

கூலர் உயரத்துக்குப் பெட்டியில் இடம் இருக்கா என்று கேட்டார். வீட்டிலேயே தையல் டேப்பில் பெட்டியின் உள்அகலம் அளந்து வைத்திருந்தேன். சரியாக நுழையும். மெமரி பட்டைகளின்மேல் இடிக்குமா என்று பார்த்தார். முன் காற்றாடியை இரண்டு விரல் மேலே ஏற்றி மாட்டச் சொன்னார்.

"சத்தம் ஏன் இவ்ளோ முக்கியம்?"

"வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட்."

"அலமாக். இப்படி ஒரு பொண்டாட்டி எனக்கு இல்லையே."

கடையில் கூலருக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம், எழுத மாட்டேன்.

மாடிப்படியில் காக் யா, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா. என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார், அப்புறம் முகக்கவசத்தை. "செமாலாம் மெசின் ஜாத்தோ கெ?" நேற்று மெஷின் விழுந்ததா என்று. ஹூங்காரச் சத்தத்துக்கு நடுவில் டொம் டொம் என்று கேட்டதாம். ஆமாம் காக், விழுந்துவிட்டது என்றேன். நல்ல மனுஷி. நம்பிவிட்டார்.

ஜூன் 11, புதன்

வலது கையில் மூன்று விரலுக்குப் பிளாஸ்திரி. எழுத்து கோணல்.

மோ. தூங்கியதும் ஆரம்பித்தேன். அவன் தூங்க வேண்டும் என்று ஹால் திரையெல்லாம் இழுத்துவிட்டிருக்கு. விளக்குப் போட்டால் கதவிடுக்கில் வெளிச்சம் போகும், அதற்கும் கிடைக்கும். டெலிபோன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு வேலை.

பழைய காற்றாடியைக் கழற்றினேன். காய்ந்த பசையைத் துடைத்தேன். மதர்போர்டுப் பலகைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி, முன்னால் இரண்டு கம்பி. பிராசஸர் நடுவில் பட்டாணி அளவு பசை. கூலரைத் தூக்கி உட்காரவைத்தேன். கனம். தகடுகளின் ஓரம் பிளேடு. எங்கே பிடித்தாலும் கீறுது. ரத்தம் பலகையில் விழாமல் பாவாடையில் துடைத்துத் துடைத்து... இரண்டு திருகாணி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ஒரு பக்கமே முறுக்கினால் சாய்ந்துவிடும் என்று குணா அண்ணன் சொல்லியிருந்தார். நடுக் காற்றாடியைக் கம்பிக் கொக்கியால் மாட்டும்போது கொக்கி தெறித்து நகக்கண்ணில் அடித்தது. சத்தம் போடவில்லை. வாயில் டெலிபோன் இருந்தது நல்லதாகப் போச்சு.

போட்டேன். அமைதி. ரெண்டர் போட்டேன்.

கொஞ்ச நேரம்தான். சூடு எழுபது, எண்பது, தொண்ணூறு என்று ஏறியது. இரண்டு காற்றாடியும் முழுவேகம். பெரிய காற்றாடி மெதுவாகச் சுற்றினால்தான் அமைதி. வெறிபிடித்துச் சுற்றினால் பழையதைவிட மோசம். ஹெலிகாப்டர் இறங்குகிற மாதிரி. அணைப்பதற்குள் அவன் வந்துவிட்டான்.

பெல்ட். முதலில் முதுகில். குனிந்து மெஷினை மறைத்தேன். முதுகு போனால் போகட்டும், கூலர் போகக்கூடாது என்றுதான் அப்போது தோன்றியது. எப்படிப்பட்ட புத்தி பார். இடுப்பில் உதைத்தான். உதைத்துக்கொண்டே, "புதுசு வேற வாங்கிட்டு வந்திருக்கா, புதுசு." நான் அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தேன். விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தே உதைத்தான்.

பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். தண்ணீர் கேட்டான். எனக்கு இல்லை, அவனுக்கு. எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்னும் புரியவில்லை.

மெஷின் அணைந்தே இருக்கு. ஷர்மிளா கல்யாணம் ஒரு நிமிஷம்கூட நகரவில்லை. ஜெ. அக்கா கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

வெயில். இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. மூச்சை ஆழமாக இழுத்தால் குத்துது. பனடால் மாத்திரை இரண்டு.

அவன் போனபின் நேற்று சாயந்தரமே கழற்றிப் பார்த்தேன், நல்ல வெளிச்சத்தில். செம்புத் தட்டின்மேல் பிளாஸ்டிக் தாள். கண்ணாடி மாதிரி மெலிசு. கீறல் படாமல் இருக்கக் கம்பெனி ஒட்டி அனுப்புவது. மாட்டுவதற்கு முன் உரிக்க வேண்டும். அதன்மேலேயே சிவப்பில் எழுதியிருக்கிறது, உரிக்கவும் என்று. இருட்டில் நான் எங்கே கண்டேன். பிராசஸருக்கும் செம்புக்கும் நடுவில் பிளாஸ்டிக், அதுவும் பாதி உருகி. சூடு எப்படிப் போகும்?

ஒரு தாளுக்காக பெல்ட். சிரித்துவிட்டேன், விலாவில் குத்தியது.

உரித்தேன். துடைத்தேன். புதுப் பசை. மறுபடி மாட்டினேன்.

இன்று காலை அவன் படுத்ததும் ரெண்டர் போட்டேன். கையை மெஷின்மேல் வைத்துக்கொண்டு, எந்த நேரமும் பொத்தானை அமுக்கத் தயாராக. அறுபது. அறுபத்தெட்டு. எழுபத்திரண்டில் நின்றது. காற்றாடி சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவு மெதுவாக. காதைப் பெட்டியில் ஒட்டி வைத்தேன். யாரோ தூரத்தில் மூச்சு விடுகிற மாதிரி ஒன்று. அவ்வளவுதான்.

அழுதேன். சந்தோஷம்தான், சொல்லிக்கொள்ள வெட்கம் என்ன.

இத்தனை நாள் கேட்காத சத்தமெல்லாம் கேட்குது. சுவர்க் கடிகாரம். காக் யா வீட்டு ரேடியோ. அவர் ஃபிரிட்ஜ் கதவைச் சாத்துவதுகூட. இந்தச் சுவர் இவ்வளவு மெலிசு என்று தெரியாது.

மூன்று மணிக்கு எழுந்தான். சோறு, சார்டின் சம்பல். சாப்பிட்டு, "இன்னைக்கு நல்லா தூக்கம்" என்றான். இரண்டாவது தட்டு போட்டுக்கொண்டான். போகும்போது என் தோளைத் தொட்டான், பெல்ட் பட்ட இடம் என்று தெரியாமல். வலித்தது, இருந்தாலும் நன்றாக இருந்தது. அம்மாவுக்கு போன் செய்து, சத்தப் பிரச்சினை முடிந்தது என்று சொன்னேன். "பாத்தியா, நான் சொல்லல?" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

மழை, கடைசியில். துணி நனைந்தது.

ஷர்மிளா கல்யாணம் முக்கால்வாசி முடிந்தது. இன்று ராத்திரி அனுப்பியாகணும்.

மூன்று மணி. அவன் எழுந்து வருவது முதல் தடவையாகக் காதில் விழுந்தது. வெறுங்கால் சிமெண்டில் ஒட்டி ஒட்டி வரும் சத்தம். திரும்பவில்லை. பயமில்லாமல் இருந்தேன், நிஜமாகவே.

"மெஷின் ஓடலையா?"

"ஓடுதுங்க."

"சத்தமே காணோம். காலைலேந்து சும்மாவா உக்காந்திருக்க? போன நோண்டிட்டு?"

"ஓடுதுங்க, இங்க பாருங்க..."

திரையைக் காட்டக் கை நீட்டினேன். அறைந்தான். நாற்காலியோடு விழுந்தேன். முடியைப் பிடித்து இழுத்து நிறுத்தி மறுபடி. பொய் சொல்கிறேனாம். என் பின்னால் ரெண்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

திங்கள்கிழமை சத்தத்துக்கு அடித்தான். இன்று சத்தம் இல்லாததற்கு அடித்தான்.

இன்னொன்று. திங்கள்கிழமை அவன் கை தளர்ந்திருந்தது, இரண்டு மூன்று அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். இன்று நிறுத்தவே இல்லை. தூக்கம் கெட்டுத்தான் அடிக்கிறான் என்று நினைத்தேன். நன்றாகத் தூங்கினால் நன்றாக அடிக்கிறான். தூங்கவைத்தது நான். ஊரெல்லாம் அலைந்து, விரலை அறுத்துக்கொண்டு, காளைக்குப் புல் போட்டிருக்கிறேன்.

அவன் பஸ் ஏறிப் போனதும் குப்பை போடக் கீழே இறங்கினேன். படியில் காக் யா காத்துக்கொண்டிருந்தார். மெஷின் விழுந்ததா என்று இன்று கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கச்சியிடம் பேசுகிற மாதிரி மலாயில் மெதுவாகச் சொன்னார். இரண்டு நாளாக உன் வீட்டில் அந்த உறுமல் இல்லை அடெக், இன்று எல்லாம் கேட்டது, அவன் சொன்னதும் கேட்டது, நீ சொன்னதும் கேட்டது. சுவரைத் தட்டு, வருகிறேன் என்றார்.

எனக்கு வெட்கம். அப்புறம் கோபம், யார்மேல் என்று தெரியவில்லை. குப்பையைப் போடாமலே திரும்பிவிட்டேன்.

வீடியோ அனுப்பியாச்சு. ஜெ. அக்கா, "சூப்பர்டி."

ஜூன் 15, ஞாயிறு

ஜெ. அக்கா ஸ்டுடியோ, பின்னறை. மணமேடைச் சாமான்களுக்கு நடுவில் மெத்தை. கழுத்து வீக்கம். விழுங்கினால் வலி. கஞ்சி.

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும், மறப்பதற்கு முன்னால். மறக்கப்போவதில்லை, இருந்தாலும்.

நேற்று காலை வந்து படுத்தான். காதுகுத்து வீடியோவை ரெண்டரில் போட்டேன். மூன்று மணிக்கு எழுந்து, குளித்து, சாப்பிட்டு, தெளிவாக இருந்தான். நான்தான் கேட்டேன். இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்தது.

"நல்லா தூங்குற. சத்தம் இல்ல. இனி எதுக்கு அடிப்ப?"

நீங்க என்று சொல்லவில்லை. நீ என்றேன். கல்யாணமான பிறகு முதல் தடவை.

தட்டு முதலில் பறந்தது. பிறகு கழுத்து. இரண்டு கையாலும், சுவரோடு வைத்து. அவன் முகத்தில் கோபம்கூட இல்லை, திருகாணி முறுக்குகிறவன் முகம். முழங்காலால் குத்தினேன், முகத்தைப் பிறாண்டினேன், நகத்தில் தோல் வந்தது. கண்ணுக்கு முன்னால் கறுப்பாக வந்தபோது முதுகுக்குப் பின்னாலிருந்த காக் யா வீட்டுச் சுவரை முழங்கையால் இடித்தேன். இடித்துக்கொண்டே இருந்தேன்.

காக் யா வந்தார். கதவை அவர் தட்டிய தட்டில் நாலு வீடு வெளியே வந்துவிட்டது, சட்டமெல்லாம் காற்றில். குக்கர் விசிலை அடக்குகிற அதே பெண்கள். ஒருத்தி கையில் உலக்கை மாதிரி ஏதோ இருந்தது. அவன் விட்டான். நான் தரையில். போலீசைக் கூப்பிட்டது யார் என்று தெரியாது, எல்லாரும் என்று வைத்துக்கொள்.

வந்தது இரண்டு பேர். பெண் கார்ப்ரல் ஒருவர், மலாய்க்காரர். கூட ஒரு இளைஞர். மோ. சட்டை மாற்றிக்கொண்டு, கன்னத்தில் ரத்தத்தோடு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். கடிவாங்கிய கையைக் காட்டினான். பாருங்க புவான், இவளும் அடிக்கிறா. அப்புறம் மெஷினைக் காட்டினான். நைட் ஷிப்ட் வேலை புவான், பகல் முழுக்க இந்த மெஷின் கத்துது, தூங்க முடியல, மனுசனுக்குக் கோவம் வராதா.

அவனுக்கு அது பொய் இல்லை என்றே நினைக்கிறேன். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

கார்ப்ரல் மெஷின் பக்கத்தில் போய் நின்றார். "போட்டுக் காட்டு" என்று என்னிடம் சொன்னார்.

ஓடிக்கொண்டுதான் இருக்கு என்றேன். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. திரையைத் தட்டினேன். ரெங்கம் குழந்தை, மாமன் மடியில், வாயைத் திறந்தபடி. ரெண்டர் அறுபது சதவீதம் சொச்சம். சூடு எழுபத்தொன்று.

கார்ப்ரல் குனிந்து பெட்டியில் காதை வைத்தார். வாசலில் பெண்கள் எல்லாம் அமைதி. கடிகாரம் ஓடுவது கேட்டது. நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"மானா புன்யி?"

சத்தம் எங்கே என்று. அவன் மெஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

இளைஞர் அவனை எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனார். துணி, ஐசி அடையாள அட்டை எடுத்துக்கொள், முதலில் ஆஸ்பத்திரி என்றார் கார்ப்ரல். மெஷின் இல்லாமல் வரமாட்டேன் என்றேன். அதுதான் என் சோறு. அப்படியே தூக்க முடியாது என்பதும் சொன்னேன். இந்தக் கனத்தோடு வண்டியில் குலுங்கினால் கூலர் பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும். கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பெருமூச்சு விட்டார். "லாமா லாகி?" எவ்வளவு நேரம் ஆகும் என்று. கொஞ்சம் பொறுங்கள் என்றேன். காக் யா விளக்குப் பிடித்தார். எல்லா விளக்கும் போட்டிருந்தது, இருந்தும் பிடித்தார். மாற்றி மாற்றித் தளர்த்தினேன்.

ஆஸ்பத்திரியில் வரிசை. பக்கத்தில் கார்ப்ரல், மடியில் நோட்டு. எதனால் அடித்தான் என்று கேட்டார். சத்தம் என்று எழுதட்டுமா, அவன் சொன்னது அதுதான்.

வேண்டாம் என்றேன்.

வேறு என்ன எழுத?

தெரியாது என்றேன். வெள்ளிக்கிழமைவரை தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் மிஸ்டு கால் ஏழு. இன்னும் எடுக்கவில்லை.